கூட்டத்துக்கு நடுவே கார் கட்டுவது: வாசகர் கேள்வி பதில்

கிட் கார் ஆர்வலர்கள் கூடும் கண்காட்சியில், மக்கள் கண்ணெதிரிலேயே ஒரு காரைக் கோர்த்து முடித்துக் காட்டலாமா என்று கேட்டு ஒரு குழு எழுதியிருந்தது. அதையே வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்டு இன்னும் பல கடிதங்கள் வந்திருப்பதால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: சேசிஸ் என்கிற அடிச்சட்டம், பாடி, சஸ்பென்ஷன் என்று பாகம் பாகமாக வாங்கி, பெரும்பாலும் ஏதாவது ஒரு பழைய காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் போட்டு, நாமே கட்டிக்கொள்கிற கார்தான் கிட் கார்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். இரண்டு நாள் கண்காட்சி. முதல் நாள் காலையில் வெறும் சேசிஸ், இரண்டாம் நாள் மாலையில் முழு கார். நடக்குமா சார்?

பதில்: நடக்கும். ஆனால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே அங்கேதான் ஆரம்பிக்கப் போகிறோம் என்று நினைத்திருந்தால் நடக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்டர்ஹாம் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் விற்பது மாதிரி எல்லாப் பாகமும் புதிதாக, அளவெடுத்து வருகிற கிட்டுக்கே, வீட்டு ஷெட்டில் நிதானமாகச் செய்கிற ஒருவருக்கு ஏறக்குறைய 100 மணி நேரம் வேலை இருக்கும் என்பது பொதுவான கணக்கு. பழைய கார் ஒன்றைப் பிரித்து, பாகங்களைச் சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, இணைப்புகளில் இருக்கிற ரப்பர் புஷ்களை மாற்றிப் பொருத்துகிற வகை என்றால் பல நூறு மணி நேரம் போகும். கண்காட்சியில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு 8 மணி, ஆக 16. ஆறு பேர் இருக்கிறோமே, 16-ஐ 6-ஆல் பெருக்கினால் 96 வருகிறதே என்று தோன்றும். அங்கேதான் திட்டங்கள் கவிழ்கின்றன. சின்ன ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றி ஒரே நேரத்தில் மூன்று பேர், மிஞ்சிப் போனால் நான்கு பேர்தான் இடிக்காமல் வேலை செய்ய முடியும். அதோடு, பல வேலைகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் செய்தாக வேண்டும். பெடல் பாக்ஸ் உட்காராமல் மாஸ்டர் சிலிண்டர் உட்காராது, அது உட்காராமல் பிரேக் பைப் போகாது, எஞ்சின் இறங்காமல் எக்ஸாஸ்ட் இல்லை. வரிசையாகச் செய்ய வேண்டிய வேலையை எத்தனை பேர் சேர்ந்தாலும் சுருக்க முடியாது.

ஆகவே ஆறில் மூன்று பேர் காரில் கை வைக்கட்டும். ஒருவர் பாகங்களையும் கருவிகளையும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கட்டும். ஒருவர் மைக். ஆறாவது ஆள் ஓய்வில் இருந்து ஒவ்வொருவரையாக மாற்றிவிடட்டும், ஏனென்றால் நாள் முழுக்க ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலை செய்வது வீட்டில் செய்வதைவிட சீக்கிரம் களைப்பாக்கிவிடும், களைத்தவன் கையில்தான் திருகு தவறும்.

பெயிண்ட் அடித்த பாடி, ஏற்கெனவே கட்டி வைத்த வயரிங் கட்டு, வளைத்து முடித்த பிரேக் பைப்புகள், துளைபோட்ட பேனல்கள், சர்வீஸ் செய்து டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்த எஞ்சின், இவற்றோடு போனால் 16 மணியில் ஒரு கார் நிச்சயம் எழுந்து நிற்கும். எது முன்கூட்டியே செய்தது என்பதை ஒரு பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். பார்க்க வருகிறவர்களில் நாளைக்கே ஒரு கிட்டுக்குப் பணம் கட்டப் போகிறவர் இருப்பார். இரண்டு நாளில் கட்டிவிடலாம் போலிருக்கிறதே என்று அவர் நினைத்துக்கொண்டு போனால் அந்தப் பழி உங்களைத்தான் சேரும்.

கேள்வி: முழுவதும் ஒரு முறை கட்டிப் பார்த்துவிட்டுப் பிரித்து எடுத்துப் போகச் சொல்கிறார்கள். அது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் விதி. ஒரு முறை முழுமையாகக் கட்டாத காரை மேடையில் ஏற்றவே கூடாது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் 1957-ல் வந்தது. அன்றைய பிரிட்டனில் முழு காராக வாங்கினால் பர்சேஸ் டாக்ஸ் என்ற வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆனால் கட்டுவதற்கான வழிமுறைப் புத்தகம் கூடவே கொடுத்தால் அது முழு கார் என்றே கணக்காகிவிடும். அதனால் லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் பிரிப்பதற்கான வழிமுறையைக் கொடுத்து, அதைப் பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாராம். கிட் கார்க்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிற கதை இது. உங்களுக்கு இதில் நேரடியான உபயோகம் இருக்கிறது. பிரிக்கும் நாளில்தான் உங்கள் நிகழ்ச்சியே எழுதப்படுகிறது. கடைசியாகப் போட்டதை முதலில் கழற்றுங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பை, அந்தப் பையில் அந்தக் கட்டத்தின் போல்ட், நட், வாஷர், ஸ்ப்ளிட் பின் எல்லாம், மேலே ஒரு எண், எந்த ஸ்பேனர் என்பதும், எவ்வளவு நேரம் பிடித்தது என்பதும். எல்லாம் முடிந்ததும் எண்களைத் தலைகீழாக மாற்றி எழுதிவிட்டால் மேடைக்கான வரிசை தயார்.

இதில் ஒரு சின்ன விஷயம் பலர் கவனிப்பதில்லை. நைலான் வளையம் வைத்த லாக் நட்டைச் சோதனைக் கட்டலில் போட்டுக் கழற்றினால் அதன் பிடி தளர்ந்துவிடும். சோதனைக்குச் சாதாரண நட் போடுங்கள், புது லாக் நட்களைப் பைக்குள் தனியாகக் கட்டி வையுங்கள். காப்பர் வாஷரும் கேஸ்கெட்டும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

சோதனைக் கட்டலின் போதுதான் உண்மைகள் வெளியே வரும். ஸ்டீரிங் ராடு எக்ஸாஸ்ட்டில் உரசும், கியர் லீவர், கியர்பாக்ஸை மூடுகிற டனலின் விளிம்பில் முட்டும், ரேடியேட்டர் ஹோஸ் அரை அங்குலம் குறையும். ஷெட்டில் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று கதவைச் சாத்தலாம். இருநூறு பேர் பார்க்கும்போது முடியாது.

கேள்வி: எந்த வேலையை எப்போது செய்வது? எல்லாவற்றையும் சாதாரண வரிசையிலேயே செய்தால் போதாதா?

பதில்: போதாது. கூட்டம் எப்போது வரும், காருக்கு எது முதலில் தேவை, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காலையில் ஆட்கள் குறைவு. அப்போது சஸ்பென்ஷன் கைகள், ஹப், ஸ்டீரிங் ரேக். பார்க்கிறவர்களுக்கும் இது பிடிக்கும், ஏனென்றால் காரின் எலும்பு தெரிகிறது, எந்த முனை எதோடு சேர்கிறது என்று விரல் நீட்டிக் காட்டலாம். இங்கே கட்டாயம் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. ரப்பர் புஷ் உள்ள சஸ்பென்ஷன் போல்ட்டுகளை, கார் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ரப்பர் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், கார் தரையில் நின்றதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். பிடிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு, கார் தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்கம் என்று அளந்து இறுக்குகிற ஸ்பேனர், வைக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் இரண்டாம் நாள் "இறக்கி இறுக்குவது" என்று ஒரு தனி அரை மணி இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத திட்டத்தைப் பார்த்தாலே, இந்தக் குழு முன்னால் கட்டிப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

எஞ்சின் இறங்குவதுதான் எல்லோரும் காத்திருக்கிற காட்சி. அதை நேரம் போட்டு அறிவியுங்கள், முதல் நாள் மதியம் 3 மணி என்றால் 3 மணிதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே சாய்வாக உள்ளே போக வேண்டியிருக்கும், அதற்குத் தூக்கும் கிரேனில் சாய்வைக் கூட்டிக் குறைக்கிற லெவலர் மாட்டுங்கள், அது இல்லாமல் கியர்பாக்ஸின் வாலை ஒருவர் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது பார்க்கவே பயமாக இருக்கும், ஆபத்தும்கூட. பெயிண்ட் அடித்த விளிம்புகளுக்குப் பழைய போர்வை. தொங்குகிற எஞ்சினுக்குக் கீழே யாருடைய கையும் காலும் போகக் கூடாது, மவுண்ட் போல்ட் ஓட்டையைப் பார்க்க விரலை உள்ளே விடவும் கூடாது. நேராக்க ஒரு கூர்முனைக் கம்பி போதும். இறங்குவதற்கு 10 நிமிடம்தான் ஆகும் என்றாலும் 40 நிமிடம் ஒதுக்குங்கள். இது மட்டும் அவசரத்தில் நடக்கவே கூடாது.

வயரிங் மேடையில் எடுபடாது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒருவர் முதுகு மட்டும் தெரிய இரண்டு மணி நேரம் கிடந்தால் கூட்டம் நகர்ந்துவிடும். அதனால் அதே மாதிரி இன்னொரு வயரிங் கட்டை, இல்லாவிட்டால் அதன் ஒரு பகுதியை, மரப்பலகையில் விரித்து, ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச், ஹெட்லைட் என்று மாட்டி, பக்கத்தில் வையுங்கள். ஒருவர் உள்ளே வேலை பார்க்கும்போது இன்னொருவர் பலகையில் காட்டி, எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால் லைட் எப்படி மங்குகிறது என்று கழற்றி மாட்டிக் காட்டலாம். எனக்குத் தெரிந்து மக்கள் அதிகம் கேள்வி கேட்கிற இடமே இந்தப் பலகைதான், ஏனென்றால் கட்டுபவர்கள் எல்லோரும் பயப்படுவது வயரிங்குக்கு.

பிரேக்கில் ஏர் எடுக்கும் வேலையைக் கூட்டம் குறைந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும், சிந்தினால் துடைக்கத் தண்ணீரும் துணியும் கையெட்டும் தூரத்தில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் முதல் நாள் திறந்த டப்பாவை இரண்டாம் நாள் ஊற்ற வேண்டாம், புதிது திறங்கள். டாட் 4 என்ற தரப் பிரிவு பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறிய நிலைக்கான அளவு 155. மைக்கில் இந்த இரண்டு எண்ணையும் சொன்னாலே, வருஷக்கணக்கில் பிரேக் ஆயில் மாற்றாதவர்கள் தங்கள் காரை நினைத்துக்கொள்வார்கள்.

பாடி கடைசியில். மூக்கும் மட்கார்டும் ஏறுகிற அந்த அரை மணியில்தான், அதுவரை குழாயும் கம்பியுமாகத் தெரிந்தது சட்டென்று கார் ஆகிறது. அந்த நேரம் முழுக்கூட்டமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு அணியாகப் பிரிந்து யார் முதலில் முடிக்கிறார்கள் என்று போட்டி வைத்தால் விறுவிறுப்பாக இருக்குமே?

பதில்: விறுவிறுப்பாக இருக்கும், நான் வேண்டாம் என்பேன். கனடா ராணுவத்தினர் ஜீப்பைச் சில நிமிடங்களில் பிரித்து மாட்டி ஓட்டிப் போகும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள், பிரமாதமான காட்சி. ஆனால் அது அதற்கென்றே ஒத்திகை பார்த்த அணி. உங்கள் கார் நாளைக்கு ரோட்டில் போகப் போகிற கார். கடிகாரம் ஓடும்போது முதலில் விட்டுப்போவது டார்க் ரெஞ்ச்தான். கண்ணாடி மாட்டுவது, சீட் மாட்டுவது மாதிரி உயிருக்குச் சம்பந்தமில்லாத வேலையில் வேண்டுமானால் ஐந்து நிமிடப் போட்டி வையுங்கள்.

கேள்வி: அரங்கக்காரர்கள் பெட்ரோல் பற்றியும் வெல்டிங் பற்றியும் ஏகப்பட்ட நிபந்தனை போடுகிறார்கள். கடைசியில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டாவிட்டால் இந்த நிகழ்ச்சிக்கு என்ன அர்த்தம்?

பதில்: அவர்கள் போடுவது சரியான நிபந்தனை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி எங்கோ இருக்கிற பொறியைப் போய்த் தொடும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸில்கூட அது பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகும். டேங்க் காலி என்றால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு, தப்பு. கொஞ்சமாகப் பெட்ரோல் ஒட்டியிருக்கிற காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட மோசம், உள்ளே முழுக்க ஆவியும் காற்றும். மேடைக்குப் பெட்ரோலே தொடாத புது டேங்க்கைக் கொண்டுபோங்கள், விவாதமே முடிந்துவிடும். மூடிய அரங்கில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு, அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. வெல்டிங், கிரைண்டிங் எதுவும் அங்கே வேண்டாம். ஃபைபர் பாடியை அறுப்பதும் தேய்ப்பதும்கூட வேண்டாம், அந்தத் தூசி பார்வையாளர்களின் கண்ணுக்கும் மூச்சுக்கும் போகும். துளை போட வேண்டியதை எல்லாம் வீட்டிலேயே போட்டு முடியுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் ஆசைக்கு வழி இருக்கிறது. இரண்டாம் நாள் மாலை காரை எல்லோருமாகத் தள்ளி வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். அங்கே, அமைப்பாளர்கள் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில், பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கு முன்னால் எரிபொருளையும் ஸ்பார்க்கையும் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றிக்கொள்ள வேண்டும். நுரை அல்லது உலர் பவுடர் தீயணைப்பான் ஒருவர் கையில், பின் எடுக்கத் தயாராக. பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஆகாது என்பதை அந்த ஆள் அறிந்திருக்க வேண்டும்.

அதற்கும் அனுமதி இல்லை என்றால் உள்ளேயே வேறு முடிவு வையுங்கள். பேட்டரி இணைத்து, முதல் முறையாக ஹெட்லைட் எரிந்து, இண்டிகேட்டர் சிமிட்டி, ஹார்ன் அடிப்பது. கட்டியவர்களுக்குத் தெரியும், அந்த முதல் வெளிச்சம் எஞ்சின் சத்தத்துக்குக் குறைந்த சந்தோஷம் இல்லை. பேட்டரி இணைக்கவாவது அனுமதி உண்டா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தரையையும் பாருங்கள். புல்தரை என்றால் ஜாக்கி ஸ்டாண்டின் கால் எடை ஏற ஏற மண்ணில் இறங்கும், எஞ்சின் கிரேனின் சின்னச் சக்கரம் உருளவே உருளாது. கனமான பிளைவுட் விரிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. சுற்றித் தடுப்புக் கட்டும்போது கிரேனின் கை சுற்றுகிற தூரத்தை அளந்து அதற்கு வெளியே கட்டுங்கள்.

கேள்வி: எங்களில் யாருக்கும் பேச வராது. பாட்டுப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாமா?

பதில்: பாட்டு வேண்டாம். பேச வராது என்பதை நான் நம்பவும் மாட்டேன். ஷெட்டில் பக்கத்து ஆளிடம் என்ன சொல்வீர்களோ அதையே மைக்கில் சொல்லுங்கள், போதும். மக்கள் வருவது போல்ட் சுற்றுவதைப் பார்க்க மட்டும் இல்லை, ஏன் இந்தப் பக்கத்திலிருந்து போடுகிறாய், ஏன் இங்கே வாஷர், ஏன் அங்கே இல்லை என்று கேட்கத்தான். வீடியோவில் கிடைக்காதது அந்தக் கேள்வி கேட்கிற வாய்ப்பு ஒன்றுதான். அதைப் பாட்டால் மூடிவிட்டால் அப்புறம் நேரில் எதற்கு வர வேண்டும்?

இதனாலேயே காற்றில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சை விட்டுவிடுங்கள். அது போடுகிற சத்தத்தில் மைக்கும் கேட்காது, நாள் முழுக்கக் கேட்டால் காதுக்கும் கேடு. கை ராட்செட்டில் இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச் "டிக்" என்று சொடுக்கும்போது மைக்கை அருகே கொண்டுபோங்கள். எவ்வளவு இறுக்கம் என்ற எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். 8.8 கிரேடு (இது வலிமையின் அளவு) சாதாரணப் போல்ட்டுக்கு, எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் தடிமன், என்றால் 25 நியூட்டன் மீட்டர் பக்கம், எம்10 என்றால் 50-ஐ ஒட்டி, எம்12 என்றால் 85 பக்கம் என்று கேட்பவர்களுக்கு ஒரு அளவு மனதில் நிற்கும். கிட் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் செல்லும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு இல்லாத போல்ட்டைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள் என்று கூட்டத்திடம் கேளுங்கள், குழந்தைகள் உங்களைவிடக் கூர்மையாகப் பார்ப்பார்கள்.

பேசுகிறவர் வேலை செய்கிறவராக இருக்க வேண்டாம். பேசிக்கொண்டே இறுக்கினால் இரண்டில் ஒன்று கெடும்.

கேள்வி: பார்க்க வருகிறவர்கள் "நானும் ஒரு போல்ட் போடட்டுமா" என்று கேட்பார்களே?

பதில்: காரில் வேண்டாம். பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, கழித்துப்போட்ட ஒரு ஹப், ஒரு காலிப்பர், நாலைந்து போல்ட், டார்க் ரெஞ்ச். முதலில் கையால் "சரியாக இருக்கும்" என்று தோன்றுகிற அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள், அப்புறம் டார்க் ரெஞ்சில் அளந்து காட்டுங்கள். பெரும்பாலும் பெரிய போல்ட்டைக் குறைவாகவும் சின்ன போல்ட்டை அதிகமாகவும் இறுக்கியிருப்பார்கள். அந்த மேஜைக்கென்று ஒரு ஆளை நிறுத்த வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: லோட்டஸ் செவன் மாதிரி காரா, கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியா, மணலில் ஓட்டுகிற திறந்த பக்கியா? டெமோவுக்கு எது பொருத்தம்?

பதில்: செவன் வகை, யோசிக்கவே வேண்டாம். 500 கிலோ சுற்றித்தான் எடை, முன்சக்கரமும் சஸ்பென்ஷனும் வெளியே தெரியும், பாடி என்று மாட்ட வேண்டியது மூக்கும் மட்கார்டும் பானெட்டும்தான். கோப்ரா மாதிரி கார் முடிந்து நிற்கும்போது கண்ணைப் பறிக்கும், ஆனால் அதன் உழைப்பெல்லாம் கதவு இடைவெளியை ஒழுங்குபடுத்துவதில் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பார்வையாளருக்குப் பெரிய பொறுமைச் சோதனை.

பக்கிக்கு வேறு ஒரு அழகு உண்டு. கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் 1964-ல் முதல் மேங்க்ஸ் பக்கியைச் செய்தார். பிறகு கிட்டாக விற்றபோது, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டு நீளத்தைச் சுமார் 36 சென்டிமீட்டர் குறைத்து, அதன்மேல் ஒரு ஃபைபர் உடலைக் கவிழ்ப்பதுதான் மொத்த விஷயம். 1967-ல் மெக்ஸிகன் 1000 பாலைவனப் பந்தயத்தில் வென்றதும் ஒரு மேங்க்ஸ்தான். அடித்தட்டை வெட்டி வெல்ட் செய்யும் வேலையை முன்பே முடித்துக்கொண்டால், ஒரே உடலாக நாலு பேர் தூக்கி வைக்கிற காட்சி மிக நன்றாக இருக்கும். ஒரு நாள் நிகழ்ச்சி என்றால் நான் பக்கியைத்தான் சொல்வேன்.

எந்த வகையானாலும் ஒன்று. முதல் பாதி வேலைக்குச் சேசிஸை இடுப்பு உயரத்துக்குக் கட்டையோ ட்ரெஸ்ட்லோ வைத்துத் தூக்கி வையுங்கள். தரையில் வைத்தால் முதல் வரிசைக்கு மட்டும்தான் தெரியும், உங்கள் முதுகும் போய்விடும். கீழே இறக்க வேண்டிய நேரத்தையும் எத்தனை பேர் தூக்குவது என்பதையும் திட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடுவில் போல்ட் உடைந்துவிட்டால், ஒரு பாகம் காணாமல் போனால்?

பதில்: அதைச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். உடைந்த போல்ட்டை எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க அதிகம் பேர் நிற்பார்கள். மாற்று வேலை ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும், எஞ்சின் பக்கம் தடைப்பட்டால் பின்பக்கம் டிஃபரென்ஷியலுக்குப் போகலாம் என்பது மாதிரி. ஒவ்வொரு அளவு போல்ட்டிலும் நாலைந்து உபரி. மாலையில் கருவிகளை எண்ணி முடிக்காமல் யாரும் கிளம்பக் கூடாது, காணாமல் போன ஸ்பேனர், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடான பெல் ஹவுசிங்குக்குள் கிடக்கலாம்.

கேள்வி: இரண்டாம் நாள் சாயங்காலம் அதே காரில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டால் எவ்வளவு கெத்தாக இருக்கும்!

பதில்: கூடாது. பல நாடுகளில் வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வர, பதிவுக்கு முன் தனியாகப் பரிசோதனை உண்டு. பிரிட்டனில் அதன் பெயர் ஐவிஏ, விளிம்பு கூராக இருக்கிறதா, சீட்பெல்ட் மவுண்ட் எங்கே இருக்கிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். உங்கள் நாட்டில் என்ன முறை என்பதைக் கிட் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் நான் ஓட்டச் சொல்ல மாட்டேன். மேடையில் கட்டிய காரை ஷெட்டில் இன்னொரு முறை, அமைதியாக, அன்றைக்கு அந்தக் காரில் கை வைக்காத ஒருவர் முழுவதும் சரிபார்க்க வேண்டும். பெயிண்ட் கோட்டை நம்பாமல் ஸ்டீரிங், பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம் இந்த நான்கிலும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில். பிரேக் பெடலை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பார்ப்பது. கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. சக்கரக் கோணம் அளப்பது. இவ்வளவும் முடிந்து, ஆளில்லாத தனியிடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்து, திரும்ப வந்து இன்னொரு முறை சக்கர நட்டைப் பார்க்க வேண்டும்.

திரும்பிப் போக ட்ரெய்லரை இப்போதே சொல்லி வையுங்கள். வரும்போது வெறும் சேசிஸாக வந்தது போகும்போது முழுக் காராகப் போகிறது, அகலமும் எடையும் வேறு. கட்டும் பெல்ட்டைச் சஸ்பென்ஷன் கைகளில் மாட்டாமல் சக்கரங்களின் மேல் போட்டுக் கட்டுங்கள்.